அரிவாள் போட்ட கவர்

அவரை நான் முதன்முதலில் பார்த்தபோது அவர் வாந்தி எடுத்துக்கொண்டிருந்தார். கள்ளக்குறிச்சியிலிருந்து வெள்ளிமலைக்குப் போகும் காலை பஸ். கச்சிராயப்பாளையம் தாண்டி மலை ஏறத் தொடங்கி நாலு வளைவுகூட ஆகியிருக்காது. எனக்கு முன் சீட்டில் ஜன்னலோரமாக இருந்த பெண், மடியில் தயாராக வைத்திருந்த பாலித்தீன் பையை விரித்து, ஏதோ ஆபீஸ் வேலை பார்ப்பதுபோல நிதானமாக வாந்தி எடுத்தார். பையை முடிச்சுப் போட்டார். வாயைக் கொப்பளித்தார். அடுத்த வளைவுக்கு அடுத்த பையை விரித்தார்.

நான் மலையில் பிறந்தவன், கீழே கள்ளக்குறிச்சியில் உரமும் பூச்சிமருந்தும் விற்கும் கடை வைத்திருப்பவன். கேட்காத ஆளுக்கும் யோசனை சொல்லிப் பழகிய வாய். மலைக்குப் போய்வருகிற எங்கள் ஆட்கள் எல்லார் சட்டைப் பையிலும் சீப்பு மாதிரி ஒரு வாந்தி மாத்திரை அட்டை இருக்கும். என் அட்டையை எடுத்து நீட்டினேன்.

"போட்டுக்கங்க மேடம். கொஞ்ச நேரத்துல நின்னுடும்."

அவர் அட்டையைத் திருப்பி, பின்பக்கம் இருந்த பொடி எழுத்தைப் படித்தார். அந்த நிலைமையிலும் கடைசி வரி வரைக்கும் படித்தார்.

"நின்னுடும், சரிங்க. உள்ள போன மாத்திர எத்தன மணிக்கு வெளிய போவும்?"

எனக்குப் புரியவில்லை. மாத்திரையைப் போட்டால் கேட்கும், அவ்வளவுதானே. வெளியே எங்கே போகிறது?

"எட்டரைக்கு நான் மாத்திர எண்ணிக் குடுக்கணும். தூக்கக் கலக்கத்துல எண்ணக் கூடாது. வாந்தின்னா வெள்ளிமலையோட நின்னுடும். இது சாயங்காலம் வரைக்கும் என் கூடவே வந்துக்கினு இருக்கும்" என்று சொல்லி அட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, ஐந்தாவது வளைவுக்குப் பையை விரித்தார்.

திமிர் பிடித்த அம்மா என்று நினைத்துக்கொண்டேன். அப்படி நினைத்ததை இங்கே எழுதி வைப்பதுதான் நியாயம்.

எங்கள் ஊருக்குப் பக்கத்திலிருந்த ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் புதிதாக வந்த மருந்தாளுநர் அவர். களமருதூர்ப் பக்கம் நெல் விளைவிக்கிற குடும்பம். வயது என்னைவிட ஒன்றிரண்டு குறைவாக இருக்கலாம். பெயரை எழுதவில்லை, அரசு வேலையில் இருக்கிறவர். மலையில் யாரும் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதும் இல்லை. 'மாத்திரம்மா' என்பார்கள். தினமும் காலையில் வாந்தி எடுத்துக்கொண்டே மேலே வருவார். ஆறு மாதத்தில் உடம்பு தானாகப் பழகிவிட்டது. சாயங்காலம் திரும்பும்போது, பஸ் சமதளத்தில் இறங்கியதும் வாயைத் திறந்துகொண்டு தூங்கிவிடுவார். கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டில் கண்டக்டர் சீட்டைத் தட்டி எழுப்ப வேண்டும். மாத்திரை இல்லாமல் அப்படித் தூங்குகிற மனுஷியை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

சுகாதார நிலையத்தின் மாத்திரை ஜன்னலில் அவர் வந்த பிறகு வரிசை நீண்டுவிட்டது. கூட்டம் கூடியதால் அல்ல, அவர் கேட்கிற கேள்விகளால். அதிலும் தூக்கம் வரவில்லை என்று யாராவது சொல்லிவிட்டால் போதும், பின்னால் நிற்பவர்கள் உட்கார இடம் தேட ஆரம்பித்துவிடுவார்கள். எல்லாரும் 'எத்தனை மணிக்குத் தூங்கினீங்க' என்றுதான் கேட்பார்கள். இவர் அதைக் கேட்கவே மாட்டார்.

"எத்தன மணிக்கு எழுந்தீங்க? எழுந்ததும் கால் தரையில நின்னுதா? வாய் காஞ்சிருந்துதா? மொதல்ல யார்கிட்ட பேசுனீங்க, இன்னா பேசுனீங்க?"

"இன்னா மேடம், போலீஸ் ஸ்டேஷன் மாதிரி கேக்கறீங்க?" என்று ஒருமுறை வரிசையில் நின்று நானே கேட்டேன்.

"தூங்கறப்ப இன்னா நடந்துதுன்னு தூங்கனவருக்குத் தெரியுமா? எழுந்தா தெரிஞ்சிடும்" என்றார், தலையைத் தூக்காமல்.

மாத்திரைகளைக் காகிதக் கவரில் போட்டு, காலை, மதியம், இரவு என்று டிக் அடித்துக் கொடுப்பது எல்லா இடத்திலும் உள்ள வழக்கம். இவர் சில கவர்களில் மட்டும் கூடுதலாக ஒரு படம் போடுவார். ஓர் அரிவாள், அதன்மேல் குறுக்கே ஒரு கோடு, கீழே ஓர் எண். சளி மாத்திரை, அரிப்பு மாத்திரை, வலிப்பு மாத்திரை என்று தூக்கத்தைக் கொண்டுவருகிற எதுவாக இருந்தாலும் இந்தப் படம் உண்டு. இத்தனை மணி நேரத்துக்கு அரிவாள் பிடிக்காதே, மரம் ஏறாதே, வண்டி எடுக்காதே என்று அர்த்தம். அவர் வந்த புதிதில் ஒருவர் சளி மாத்திரை போட்டுக்கொண்டு புளி உலுக்க மரம் ஏறி, மேலேயே கண் செருகி விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டாராம்.

"ராத்திரின்னு டிக் போட்டுதான் குடுத்தேன். அவரு ராத்திரி மறந்துட்டாரு, காலைல போட்டுக்கினு மரம் ஏறிட்டாரு. டிக்க அவரு எதுக்குங்க பாக்கப் போறாரு? அரிவாள்னா பாப்பாரு" என்று எனக்கு விளக்கம் சொன்னார்.

உள்ளூர்ப் பிரமுகர் ஒருவர் வந்து, "இன்னா மேடம், கவர்மெண்ட் கவர்ல கட்சிச் சின்னம் போடறீங்களாமே?" என்று விசாரித்தபோது, "சுத்தியல் எங்கங்க இருக்குது? அதுவும் இருந்தாதான சின்னம்" என்று சொல்லி, அவருடைய கவரிலும் ஓர் அரிவாளைப் போட்டுக் கொடுத்தார். அவருக்கு அன்றைக்கு ஜலதோஷம்.

இன்னொரு நாள். நானும் வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் நின்ற ஆள், தன் தாயாருக்குத் தூக்க மாத்திரை வேண்டும் என்றார். அந்தம்மா நாலு நாளாக ராத்திரியெல்லாம் சம்பந்தமில்லாமல் பேசிக்கொண்டே இருக்கிறதாம்.

"யாரு தூங்கறதுக்குங்க? அவங்களா, நீங்களா?"

வரிசை முழுக்கச் சிரித்தது. நான்தான் எல்லாரையும்விட சத்தமாகச் சிரித்தேன். அந்த ஆள் முறைத்துவிட்டுப் போய்விட்டார். மாத்திரம்மா அதோடு விடவில்லை. மதியச் சாப்பாட்டு நேரத்தில் நர்ஸைக் கூட்டிக்கொண்டு அவர் வீட்டுக்கே போய்விட்டார். அந்தம்மாவுக்குச் சிறுநீரில் தொற்று, அதில் வந்த ஜுரப் பிதற்றல். டாக்டர் அதற்கு மருந்து கொடுத்ததும் பேச்சு அடங்கியது. தூக்க மாத்திரையைப் போட்டிருந்தால் பேச்சு மட்டும் நின்றிருக்கும், நோய் உள்ளே வளர்ந்துகொண்டிருக்கும் என்று பிறகு பஸ்ஸில் சொன்னார். நான் தலையை ஆட்டினேன். அப்போது எனக்குச் சிரிப்பாகத்தான் இருந்தது, என் வீட்டுக் கதை என்று தெரியாது.

கார்த்திகையில் என் அம்மா இறந்தார். மூன்று நாள் காய்ச்சல், அவ்வளவுதான். அப்பா அழவில்லை. காரியம் முடிந்த மறுநாளே மரவள்ளிக் காட்டுக்குப் போய்விட்டார். ஆனால் தூக்கம் போய்விட்டது. சாமையும் மரவள்ளியும் போட்டுக்கொண்டு, எழுபது வயதிலும் ஒருவர் தயவு இல்லாமல் இருந்த மனிதர், இரண்டு மணிக்கே எழுந்து உட்கார்ந்துகொள்கிறார் என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள். நான் கள்ளக்குறிச்சியில் பெரிய டாக்டர் ஒருவரிடம் அழைத்துப் போனேன்.

அப்பாவுக்கும் மலைப்பாதை ஆகாது. மூன்றாவது வளைவிலேயே குடலைப் பிடுங்கிக்கொண்டு வந்துவிடும். பஸ்ஸில் நாலு பேர் முன்னால் அசிங்கப்படக் கூடாது என்று, கிளம்பும்போதே ஒரு வாந்தி மாத்திரை கொடுத்தேன். பாதி வழியில் ஓங்கரித்தார், இன்னொன்று கொடுத்தேன். அமைதியாக வந்து சேர்ந்தார்.

டாக்டர் கேள்வி கேட்டார். இது என்ன மாதம்? அப்பா பேசாமல் இருந்தார். நூறிலிருந்து ஏழைக் கழித்தால் எவ்வளவு? அப்பா டாக்டரின் மேசை மேலிருந்த கண்ணாடி உருண்டையைப் பார்த்துக்கொண்டிருந்தார். டாக்டர் என்னைக் காட்டி, இது யார் என்று கேட்டார். அப்பா என்னைப் பார்த்து, செத்துப்போன தன் அண்ணன் பெயரைச் சொன்னார்.

மறதி நோயின் ஆரம்பம் மாதிரி இருக்கிறது என்றார் டாக்டர். தூக்கத்துக்கு ஒரு மாத்திரை எழுதினார். அடுத்த மாதமும் அதே பஸ், அதே இரண்டு வாந்தி மாத்திரை. அப்பா முன்னைவிட மோசமாக உளறினார். அதற்கடுத்த மாதம் நாற்காலியிலிருந்து சரிந்தார். இவரை மலையில் தனியாக விட்டுவைக்காதீர்கள் என்று டாக்டர் சொன்னபோது எனக்கு அது தப்பாகத் தோன்றவில்லை. நான் சட்டென்று முடிவெடுக்கிற ஆள். நிலத்தைச் சித்தப்பா மகன் பார்த்துக்கொள்ளட்டும், ஆனி பிறந்ததும், சாமை விதைப்புக்கு முன்னால், அப்பாவைக் கள்ளக்குறிச்சியில் ஒரு மாடி வீடு பார்த்துக் கொண்டுவந்துவிட வேண்டியது. அப்பாவிடம் சொன்னேன். அவர் எதுவும் சொல்லவில்லை. அதையும் நோய்க் கணக்கிலேயே சேர்த்துக்கொண்டேன்.

இதை ஒருநாள் சாயங்கால பஸ்ஸில் மாத்திரம்மாவிடம் சொன்னேன். அப்பாவுக்கு மறதி நோய், பழைய மாதிரி இல்லை, கீழே அழைத்துப் போகிறேன் என்று.

"எந்த அப்பா? செவ்வாக்கெழம மத்தியானம் வந்து, பிரஷர் மாத்திரையில ஒன்னு கம்மியா இருக்குதுன்னு எங்கிட்ட சண்ட போட்டுட்டுப் போனாரே, அவரா?"

"சண்ட போட்டாரா?"

"முப்பது இருக்கணும், இருபத்தொம்பதுதான் இருக்குதுன்னு ஜன்னல்ல கொட்டி எண்ணிக் காட்டனாரு. தப்பு எம்பேர்லதான். அந்த மனுஷனுக்கா மறதி?"

நான் டாக்டர் கேட்டதையும் அப்பா சொன்னதையும் சொன்னேன். அவர் தூங்கவில்லை. பஸ் கச்சிராயப்பாளையத்தையும் தாண்டியது. அன்றைக்கு அவர் தூங்காமல் வந்ததைக் கண்டக்டரே திரும்பிப் பார்த்தார்.

"இப்ப எத்தன மணிக்கு எழுந்திரிக்கிறாரு?"

"பத்து, பத்தரை ஆவுதாம்."

"முன்ன?"

"நாலரைக்கு மாட்டுக்குத் தண்ணி காட்டுவாரு."

"எழுந்ததும்?"

"தள்ளாடறாராம். மத்தியானத்துக்கு மேலதான் தெளியறாருன்னு பக்கத்து வூட்ல சொன்னாங்க."

"டாக்டர்கிட்ட போன அன்னிக்கு பஸ்ஸுல வாந்தி எடுத்தாரா?"

"எடுக்க வுடுவேனா? ரெண்டு மாத்திர குடுத்துதான் கூட்டிக்கினு போனேன்" என்றேன், பெருமையாகத்தான்.

அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

"உங்க கடையில கத்திரிக்காய்க்கு மருந்து வாங்க வர்றவங்கள இன்னா கேட்டு விக்கறீங்க?"

"எத்தன டேங்கு, எப்ப பறிக்கப் போறீங்கன்னு கேப்பேன். அடிச்சா இத்தன நாளு பறிக்கக் கூடாதுன்னு சொல்லித்தான் குடுப்பேன்."

"கத்திரிக்காய்க்கு அந்த நியாயம் உண்டு. உங்க அப்பாவுக்குக் கெடையாதா?"

பிறகு அவர் விளக்கியதை நான் இன்றைக்கும் என் கடைக்கு வருகிறவர்களிடம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். மூளையில் நம்மை விழித்திருக்கச் சொல்லி அடித்துக்கொண்டே இருக்கிற ஒரு மணி உண்டாம். அப்பாவுக்கு நான் கொடுத்த வாந்தி மாத்திரை வயிற்றைப் பார்த்துக்கொள்வதோடு நிற்காமல், அந்த மணியின் நாக்கையும் பிடித்துக்கொள்ளும் வகை. வயதானவர்களுக்கு அது தூக்கத்தோடு குழப்பத்தையும் கொண்டுவரும், ஆளையே மாற்றிக் காட்டும். தூக்க மாத்திரை வேறு வழியில் போகிறது.

"மூளைக்குன்னு ஏற்கெனவே ஒரு பிரேக்கு இருக்குது. இந்த மாத்திர புதுசா பிரேக்கு எதையும் மாட்டறதில்ல. இருக்கறதையே இன்னும் ஜாஸ்தியா அமுக்குது. அப்பாவுக்கு எழுதியிருக்கறது டயசிபாம் குடும்பம். நின்னு நின்னு போற ஜாதி. வயசானவங்க ஈரல் அத அரைக்கறதுக்கு நாள் கணக்கா ஆவும். நேத்து போட்டது பாதி உள்ள இருக்கும்போதே இன்னிக்குப் போடறாரு. தொட்டி காலியாவறதுக்குள்ள மறுபடி மோட்டார் போட்டா இன்னா ஆவும்?"

"வழியும்."

"அதான் காலைல தள்ளாடறாரு. அதுக்கு மேல நீங்க ரெண்டு வாந்தி மாத்திர. ரெண்டு ரகமும் சேந்தா ஒன்னும் ஒன்னும் ரெண்டு இல்லீங்க, அதுக்கு மேல. டாக்டர் பாத்தது உங்க அப்பாவ இல்ல. மாத்திரைய."

எனக்கு அந்த நிமிஷமே வீட்டுக்குப் போய் எல்லா மாத்திரையையும் சாக்கடையில் கொட்ட வேண்டும்போல இருந்தது. சொன்னேன். அவர் பதறிப்போய்விட்டார்.

"கொட்டாதீங்க! தூக்க மாத்திர போடறவங்க மூளை, யாரோ பிரேக்க அமுக்கறாங்களேன்னு தன் கால எடுத்துடும். திடீர்னு நிறுத்தினா மலையில பிரேக்கு இல்லாத பஸ்ஸு. வலிப்புகூட வரும். கொஞ்சங் கொஞ்சமாத்தான் எறக்கணும். அதையும் டாக்டர்தான் சொல்லணும், நான் சொல்லக் கூடாது. நான் மாத்திர எண்ணறவ."

மறுநாள் அவர் கொடுத்த கடிதத்தோடு டாக்டரிடம் நான் மட்டும் போனேன். அரைப் பக்கம். எந்த நாளில், எந்த மணிக்கு, எந்த மாத்திரை உள்ளே போயிருக்கிறது, அப்பா எப்போது எழுந்தார், எப்போது தெளிந்தார் என்று மட்டும் இருந்தது. யார்மீதும் குறை சொல்லவில்லை. டாக்டர் இரண்டு முறை படித்தார். "பஸ்ஸுக்கு மாத்திரை போட்டாரான்னு நான் கேட்டதே இல்லையே" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். தூக்க மாத்திரையை எந்த வாரம் எவ்வளவு குறைப்பது என்று எழுதிக் கொடுத்துவிட்டு, வைகாசிக் கடைசியில் சாயங்காலமாக அழைத்து வாருங்கள், வாந்தி மாத்திரை மட்டும் வேண்டாம் என்றார். அவர்மீதும் எனக்கு மரியாதைதான். கேட்காமல் விட்டவர் அவர், சொல்லாமல் விட்டவன் நான்.

அந்த வைகாசி நாளை நினைத்தால் இன்றைக்கும் என் சட்டையில் அந்த வாடை அடிக்கிறது. மூன்று மணி பஸ். வேலை முடிந்த மாத்திரம்மாவும் எங்களோடு ஏறினார். அப்பாவை டிரைவருக்குப் பின்னால் முதல் சீட்டில் உட்கார வைத்து, தூரத்து மலையையே பார்க்கச் சொன்னார். ஜன்னலை முழுக்கத் திறந்து வைத்தார். அப்பாவும் பார்த்தார். ஆனாலும் மூன்றாவது வளைவில் ஆரம்பித்தது. மாத்திரம்மா ஒரு பையைப் பிடிக்க, நான் அடுத்த பையை விரிக்க, அப்பா நடுவில் "அய்யோ, சாமி" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார். பின்சீட்டில் ஒருவர் மூக்கைப் பொத்திக்கொண்டு சத்தம் போட்டார்.

கண்டக்டர் வந்தார். "இன்னா சார், வருசக் கணக்கா வர்றீங்க. பெரியவருக்கு ஒரு மாத்திர குடுத்துக் கூட்டிக்கினு வரக் கூடாதா?"

"குடுத்தா பெரியவரு வரமாட்டாருங்க. உடம்பு மட்டுந்தான் வரும்" என்றார் மாத்திரம்மா.

அப்பா பையிலிருந்து முகத்தைத் தூக்கி, "இந்தப் பொண்ணு சொல்றத கேளுப்பா" என்று கண்டக்டரை அதட்டிவிட்டு, மறுபடியும் குனிந்துகொண்டார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. என் அப்பா ஒருவரை அதட்டி நான் பார்த்து ஐந்து மாதம் ஆகியிருந்தது.

டாக்டர் அறையில் அப்பா மூலையில் இருந்த குழாயில் முகம் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். இவர் இப்போது தடுமாறினால், ஆனியில் கீழே இறக்க வேண்டியதுதான். மாத்திரம்மா உள்ளே வரவில்லை, வெளியே பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார்.

"என்ன மாசம் பெரியவரே?"

"வைகாசி முடியப் போவுது. சாமை வெதைக்கணும், சீக்கிரம் அனுப்பிடுங்க."

"நூத்துல இருந்து ஏழு ஏழா கழிச்சுக்கிட்டே வாங்க."

அப்பா கழித்தார். தொண்ணூற்று மூன்று, எண்பத்தாறு என்று ஒவ்வொரு படியாக, அவசரமில்லாமல் இறங்கினார். டாக்டர் போதும் என்று கையைக் காட்டியும் நிறுத்தவில்லை. கடைசியில், "ரெண்டு மிச்சம் நிக்குது. அத இன்னா பண்றது?" என்று கேட்டார்.

டாக்டர் சிரித்துவிட்டார். என்னைக் காட்டினார்.

"எம் பையன். இவன்தான் எனக்கு மாத்திர குடுத்துக் குடுத்துக் கூட்டியாந்தவன். நல்ல பையன்தான், அவசரக்காரன்."

"உங்க சம்சாரம் பேரு?"

அப்பா பெயரைச் சொன்னார். சொல்லிவிட்டு மேசையின் விளிம்பை விரலால் தேய்த்துக்கொண்டிருந்தார். டாக்டர் பேனாவை மூடி வைத்தார். மறதி நோய் இல்லை, வயதுக்குத் தலை நன்றாகவே இருக்கிறது, மலையிலேயே இருக்கட்டும் என்றார். வெளியே வந்து மாத்திரம்மாவிடம் சொல்ல வாயைத் திறந்தேன். பெஞ்சில் சாய்ந்து வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தார். அப்பாதான், "எழுப்பாதடா. களைச்சிருக்குது" என்றார். கிளினிக் வாசலில் நாங்கள் இரண்டு பேரும் அவர் எழுந்திருக்கும் வரைக்கும் நின்றோம்.

நான் யாருக்கும் சுலபத்தில் நன்றி சொல்கிறவன் இல்லை. பஸ் ஸ்டாண்டில் அவர் கையைப் பிடித்துக்கொண்டு என்னென்னவோ சொன்னேன். அவர் கையை விடுவித்துக்கொண்டு, "தூக்க மாத்திர இன்னும் முழுசா நிக்கல. நாலு வாரம் இருக்குது. அதுக்கப்புறம் சொல்லுங்க" என்றார். அந்த நாலு வாரத்துக்குள் அவருக்கு ஊர்ப் பக்கமே மாறுதல் வந்துவிட்டது. மலையிலிருந்து அவர் கிளம்பிய அன்றைக்கு நான் கடையில் யூரியா இறக்கிக்கொண்டிருந்தேன். போய்ப் பார்க்கவில்லை. அது என் மனதில் இன்னும் குறையாகவே இருக்கிறது.

ஆனியில் அப்பா சாமை விதைத்தார். மாத்திரை அரையாகி, கால் மாத்திரையாகி, பிறகு ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஆகி, ஒரேயடியாக நின்றது. ஆடியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் மேலே போனேன். காலை பதினொரு மணி இருக்கும். அப்பா காட்டில் களை எடுத்துக்கொண்டிருப்பார் என்று பார்த்தால், வரப்பில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார். கண்ணில் தண்ணீர் நிற்கிற அழுகை இல்லை. வாய் கோணி, தோள் குலுங்கி, சின்னப் பிள்ளைமாதிரி சத்தமாக. என்னைப் பார்த்ததும் இன்னும் அதிகமானது. காலையிலிருந்தே இப்படித்தான் என்று பக்கத்துக் காட்டுக்காரர் சொன்னார். மாத்திரையை நிறுத்தியதால்தான் இப்படி ஆகிவிட்டது என்று பயந்துவிட்டேன். சிக்னலுக்காக மேட்டில் ஏறி நின்று மாத்திரம்மாவுக்குப் போன் போட்டேன்.

"அப்பா நிறுத்தாம அழுவறாருங்க. வூட்ல பழைய மாத்திர ரெண்டு மீதி இருக்குது. பாதி குடுக்கட்டுமா?"

"கை நடுங்குதா? வேர்க்குதா? உங்கள அடையாளம் தெரியுதா?"

"அதெல்லாம் சரியா இருக்குதுங்க. அழுகைதான்."

"இன்னா சொல்லி அழுவறாரு?"

"அம்மா பேரச் சொல்லி."

"அவங்க போயி எத்தன மாசம் ஆவுது?" என்று கேட்டார்.

"எட்டு."

"இதுவரைக்கும் அழுதாரா?"

"இல்ல."

"ஆறு மாசமா மாத்திர அத அமுக்கி வெச்சிருந்துது அண்ணா. இப்பதான் அவருக்கு அழுகையே வந்து சேந்திருக்குது. எதுவும் குடுக்காதீங்க, சமாதானமும் சொல்லாதீங்க. போன வெச்சுட்டுப் பக்கத்துல போயி உக்காருங்க."

வைத்தேன். போய் வரப்பில் உட்கார்ந்தேன். சும்மா உட்காருவது எனக்குத் தெரியாத வேலை. களை பிடுங்கலாமா என்று கை பரபரத்தது. அப்பா அழுதுகொண்டே இருந்தார். அம்மா கேழ்வரகுக் களிக்குக் கீரை கிள்ளுகிற விதம், கோபம் வந்தால் மாட்டிடம் பேசுகிற விதம், காய்ச்சலில் கடைசியாகக் கேட்ட வெந்நீர் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். அந்த வெந்நீரைக் கேட்டபோதுதான் எனக்கு உறைத்தது. காரியத்துக்கு ஆள் பிடித்து, பந்தல் போட்டு, டாக்டரைத் தேடி, பஸ்ஸுக்கு மாத்திரை வாங்கி, மாடி வீடு பார்த்து, எட்டு மாதம் ஓடிக்கொண்டே இருந்திருக்கிறேன். நானும் அழவில்லை. எனக்கு யாரும் எந்த மாத்திரையும் கொடுக்கவில்லை, ஆனாலும் அழவில்லை.

முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அப்பா தன் அழுகைக்கு நடுவிலேயே அதைப் பார்த்துவிட்டார். துண்டின் ஒரு முனையை என் பக்கம் தள்ளினார்.

"அழுவுடா" என்றார். "நானும் இப்பதான் ஆரம்பிச்சிருக்கறேன்."